டேப்புப் பெட்டி

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். அம்பத்தூரில் ரயிலேறிய இரண்டு சேவகர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். புதுக் கட்டடங்களை அளந்து பார்க்கும் சர்க்கார் ஆபீஸில் வேலை என்பது பேச்சில் தெரிந்தது.

"என்கூட அளக்குற டேப்பு புடிச்சவன் இன்னிக்கு மேஸ்திரியாம். கோட்டு வேற!" என்றார் மீசைக்காரர்.

"யாரு, அந்த சேக்காட்டு ஆளா அண்ணாத்தே?" என்றான் இளையவன்.

"அவனேதான். செவுத்தாண்ட டேப்பு முனையைப் புடிச்சிகினு வெயில்ல காய்ஞ்சது நானு. அந்தாண்ட டேப்பு சுத்துற பெட்டிய வெச்சிகினு, இத்தினி அடின்னு துரைக்குப் படிச்சி சொன்னது அவன். துரைக்கு அவன் கொரலு மட்டும்தான் தெரியுது."

"பெட்டிய நீ வாங்கிக்கினு இருக்கலாமே?"

மீசைக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மொதல்ல எங்கிட்டதான்டா இருந்துது. கனமா கீதுன்னு அவன் தலையில நான்தான் கட்னேன்."