அஞ்சூறு ரூவாக் கொசுறு

— நான் முடி வெட்ட வரல பிள்ள. ஒன்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டுப் போவத்தான் வந்திருக்கேன்.

— பேசறதுன்னாலும் இந்தச் சேர்லதான் உட்காரணும் அத்தை. சும்மா நின்னு பேசினா ஓனர் மேடம் கேமராவுல பார்த்துட்டு உடனே போன் போட்டுடுவாங்க.

— அத்தைங்காத. இன்னும் ஒண்ணும் ஆவல. சுரேந்திரன் அம்மான்னு சொல்லு.

— சரி, சுரேந்திரன் அம்மா. உட்காருங்க. நுனி மட்டும் லேசா வெட்டி விடறேன், நீங்க பாட்டுக்குப் பேசுங்க. நுஸ்ரத்க்கா, ஒரு துண்டு எடு.

— இந்தா மாரி. யாரு, ஒன் ஏசிக்காரரோட அம்மாவா? மாஷா அல்லா, மூக்கு அப்படியே அவருதுதான். தாராவியிலேர்ந்து செம்பூர் வரைக்கும் வந்திருக்கீங்க யக்கா, டீ போடவா?

— டீ வேண்டாம். ஏ மாரிசெல்வி, நான் சுத்தி வளைக்க மாட்டேன். ஒனக்கு முப்பது வயசு. கையில தொழில் இருக்கு. ஆளும் லெச்சணமாத்தான் இருக்க. எல்லாம் சரி. ஆனா டிப்சு வாங்குத. அது எங்க வீட்டுக்கு ஆவாது, கேட்டியா.

— டிப்ஸ் எல்லாப் பார்லர்லயும் வாங்குறதுதானே?

— எல்லாரும் வாங்கட்டும். என் வீட்டுக்கு வாறவ கை நீட்டக் கூடாது. கூலிய வாங்கு, அது ஒன் உரிமை. அதுக்கு மேல பத்து இருவதுன்னு பல்லைக் காட்டி வாங்குறதுக்குப் பேரு என்ன? பிச்சை.

— நான் பல்லைக் காட்ட மாட்டேன். உங்க பையனைக் கேட்டுப் பாருங்க. அவரைப் பார்த்தே நான் சிரிச்சது மூணாவது மாசத்துலதான்.

— கசம் சே, சத்தியமா யக்கா, அதுக்கு நான் சாட்சி.

— அவனை என்ன கேக்க? அந்தா, கண்ணாடிக்கு வெளிய வடாபாவ் வண்டிகிட்ட நிக்கான். உள்ள வரக் கூடாதுன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.

— பார்த்தேன். மூணாவது வடாபாவ் ஓடுது. பயந்தார்னா அப்படித்தான் சாப்பிடுவார்.

— பயப்படாம? இந்தா பாரு, அஞ்சூறு ரூவா நோட்டு. இப்பம் நீ முடி வெட்டுதல்லா, முடிஞ்சதும் இதை டிப்சுன்னு ஒனக்கு நீட்டுவேன். நீ வேண்டாம்னுட்டா, ரோசக்காரிதான்னு நானே தட்டு மாத்திருவேன். வாங்கிட்டன்னா, வாற ஞாயித்துக்கிழமை அவன் என்கூட நெருளுக்குப் பொண்ணு பாக்க வரணும். சரின்னு சொல்லியிருக்கான், கேட்டியா.

— அவர் சரின்னாரா?

— தலைய ஆட்டினான். ரெண்டு பக்கமும் ஆட்டினான். நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

— யா அல்லா! இது ஒரு பரீட்சையாடி மாரி? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, ஆளு ஒனக்கு. தீபாவளிக்குக் கூட நம்ம கடையில இப்படி ஒரு ஆஃபர் போட்டதில்ல.

— நீ சும்மா இரு நுஸ்ரத்க்கா. சுரேந்திரன் அம்மா, சாஃப், நேராவே சொல்லிடறேன். என் வேலை புடிக்கலைன்னா அந்த நோட்டைப் பைக்குள்ளயே வச்சுக்குங்க. புடிச்சிருந்து குடுத்தீங்கன்னா, வாங்குவேன்.

— என்னது?

— வாங்குவேன்.

— அப்பம் என் மவன் வேண்டாமா ஒனக்கு?

— வேணும். காலையில கண்ணு முழிச்சதும் அந்த நினைப்புதான். ஆனா பன்னெண்டு வருஷம் கால் வீங்க நின்னு சம்பாதிச்சதை, ஆமா பிச்சைதான்னு என் வாயாலயே ஒத்துக்கிட்டு உங்க வீட்டுப் படி ஏறினேன்னா, உள்ள வந்து எப்படிங்க நிமிர்ந்து நிப்பேன்?

— போச்சு. நெருள்காரிக்கு லாட்டரி அடிச்சிருச்சு.

— திமிரு பிடிச்ச கழுதை.

— தலையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க.

— ஒனக்கு என்ன தெரியும்? நான் இருவத்தஞ்சு வருசம் இட்லி வித்தவ. அலுமினிய டேக்சாவைத் தலையில ஏத்திக்கிட்டு தாராவியிலேருந்து மாட்டுங்கா வரைக்கும் நடை. ஒரு நாளு மூணாவது மாடியில ஒரு ஆளு. நான் மீதிச் சில்லறைய எண்ணிக்கிட்டு நிக்கேன். அவன் பேப்பர்லேருந்து தலையே தூக்காம, ரக் லே ரக் லே, நீயே வச்சுக்கன்னு கையை ஆட்டுதான். ஈயை விரட்டுறாப்ல. சில்லறைய அவன் வாசப்படியில வச்சிட்டு இறங்கி வந்துட்டேன். அன்னிக்குச் சொன்னதுதான், என் வம்சத்துல ஒருத்தரும் மிச்சக் காசுக்குக் கை நீட்டக் கூடாதுன்னு.

— தெரியும். அதனாலதான் உங்க பையன் என் அம்பது ரூபாயைத் திருப்பிக் குடுத்தார்.

— எந்த அம்பது?

— இந்த ஏசியை ரிப்பேர் பண்ண வந்தப்ப. மே மாசம். ரெண்டு மணி நேரம் ஏணி மேல நின்னு வேர்த்து ஊத்திட்டார். போகும்போது நான் அம்பது ரூபா டிப்ஸ் குடுத்தேன். வாங்கினா அம்மா கொன்னுடும்னார். முப்பத்திமூணு வயசு ஆம்பளை! அன்னிக்கே எனக்குப் புடிச்சுப் போச்சு.

— வாங்கலல்லா? அதான் என் புள்ள.

— வாங்கல. ஆனா மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்து, ஏசி நல்லா ஓடுதான்னு தட்டிப் பார்த்துட்டுப் போனார்.

— மறுநாள் மட்டுமா? ஒம்பது தடவை யக்கா. கடைசியில அந்த ஏசிக்கே வெக்கம் வந்திருச்சு.

— பயலுக்கு இருக்கு வீட்டுல.

— சுரேந்திரன் அம்மா, முந்தானையைத் தலையிலேர்ந்து எடுக்கணுமே.

— எடுக்காம வெட்டு. நுனிதான?

— நுனின்னாலும் எல்லா முடியையும் சேர்த்துச் சீவிப் பார்க்கணும். இல்லைன்னா கோணலாப் போயிடும்.

— பெறவு... சரி. எடுக்கேன். சத்தம் காட்டாமப் பாரு.

— ம்.

— என்ன, பாத்துட்டியா?

— இருங்க. சேரைத் திருப்பிடறேன்.

— ஏ மாரி, சேரை ஏன்டி செவுத்தைப் பாத்துத் திருப்புற?

— அந்தப் பக்கம் வெளிச்சம் பத்தல நுஸ்ரத்க்கா.

— வெளிச்சம் பத்தலையாம். டியூப்லைட்டு என் தலைக்கு நேரால்லா எரியுது. எதுக்குப் பிள்ள பொய் சொல்லுத?

— மெதுவாப் பேசுங்க. நான் பின்னாடி மறைச்சு நிக்கறேன், இப்ப வெளியே நிக்கிற அவருக்கும் உச்சி தெரியாது, உள்ள வர்ற கஸ்டமருக்கும் தெரியாது. இது சும்மாட்டுத் தடம்தானே?

— ஆமா. இருவத்தஞ்சு வருசம் சும்மாடு அழுத்தின எடம். தேய்ஞ்சு தேய்ஞ்சு உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையாப் போச்சு. என் மவனுக்கே தெரியாது. அம்மா பக்தியில முக்காடு போடுதான்னு நெனச்சிக்கிட்டு இருக்கான்.

— எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு. கோவண்டியில செங்கல் சுமந்தாங்க. அவங்க தலையை வச்சுத்தான் நான் வெட்டவே கத்துக்கிட்டேன். நுனி மட்டும்னு சொன்னேன்ல, அதை மாத்திக்கலாமா? பின்னாடி முடியைக் கொஞ்சம் கூடுதலா எடுத்து, அடுக்கடுக்கா வெட்டி, மேல கொண்டு வர்றேன். நம்பி விடறீங்களா?

— கத்திரி ஒன் கையில இருக்கு. நம்பாம என்ன செய்ய?

— யக்கா, வேண்டாம்னாலும் போட்டுட்டேன், இஞ்சி தட்டின டீ. பார்த்து, சூடு. அட, இந்தச் சேலைக் கலரு எவ்ளோ நல்லாருக்கு! மாட்டுங்காவுல எடுத்தீங்களா?

— ம்... ஆமா. போன பொங்கலுக்கு எடுத்தது. டீய அங்க வையி, குடிக்கேன்.

— சுரேந்திரன் அம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? ஒரு ப்ளேட்டுன்னா எத்தனை இட்லி?

— நாலு. சின்னப் புள்ளைக உள்ள வீடுன்னா அஞ்சாவதும் ஒண்ணு வைப்பேன். சட்னி கூட ஒரு கரண்டி.

— அவங்க கேட்டு வைப்பீங்களா, கேட்காமலா?

— கேட்டவனுக்கு ஒரு நாளும் வச்சதில்ல. எனக்கு மனசுக்குப் பிடிச்சவுகளுக்கு நானா வைப்பேன். கொசுறு.

— அதை வாங்கினவங்க பிச்சைக்காரங்களா?

— ஏன்? துட்டு குடுத்து வாங்குதவுகள்லா. கொசுறுங்கது இவுக நல்லவுகன்னு நாம நெனச்சுக் குடுக்கது. அதுல என்ன பிச்சை இருக்கு?

— அவ்ளோதான். அது விக்கிறவங்க குடுக்குற கொசுறு. டிப்ஸ், வாங்க வர்றவங்க குடுக்குற கொசுறு. நானும் ஒரு நாளும் கேட்டு வாங்கினதில்ல.

— அப்பம் அந்த மூணாவது மாடிக்காரன் குடுத்தது?

— அது கொசுறே இல்ல. நீங்க சீக்கிரம் போய்த் தொலையணும்னு குடுத்தது. வச்சுட்டு வந்தீங்களே, அதான் சரி. எனக்கும் வரும் அந்த மாதிரி. ஒரு மேடம் போன் பேசிக்கிட்டே, என் மூஞ்சியைக் கூடப் பார்க்காம நூறு ரூபாயை டேபிள் மேல வீசிட்டுப் போனாங்க. பின்னாடியே ஓடிப் போய், மேடம், உங்க பணம் விழுந்திருச்சுன்னு அவங்க பையிலயே வச்சுட்டு வந்தேன்.

— ஓனர் மேடம் ஒரு வாரம் இவகிட்ட பேசல யக்கா.

— நெசமாவா?

— நெசமாதான். ஆனா போன மாசம் ஒரு பொண்ணு வந்தா. அன்னிக்குதான் அவளுக்கு முதல் இன்டர்வியூ. வெட்டி முடிச்சதும் என் கையைப் புடிச்சு, தீதி, பயமே போயிடுச்சுன்னு சொல்லி ஒரு பத்து ரூபா வச்சா. பஸ்சுக்கு எடுத்து வச்ச காசா இருக்கும். அதை வேண்டாம்னு சொன்னா, அவ சந்தோஷத்தையே தள்ளி விட்ட மாதிரி ஆயிடாதா?

— பஸ்சுக்கு வச்ச காசையா?

— தலையைக் குனியாதீங்க. நேரா. பயப்படாதீங்க, கண்ணை மூடிக்குங்க. முன்னாடி கொஞ்சம்... அவ்ளோதான். முடிஞ்சுது. சேரைத் திருப்பறேன், இப்ப கண்ணாடியைப் பாருங்க.

— ஏ...

— என்னங்க? புடிக்கலையா?

— உச்சி எங்க பிள்ள? உச்சியக் காணுமே!

— அங்கயேதான் இருக்கு. மேல முடி உட்கார்ந்திருக்கு. குளிச்சுட்டு தினமும் இந்தப் பக்கமாச் சீவினாப் போதும். பின்னாடியும் பாருங்க, இந்தச் சின்னக் கண்ணாடியில தெரியும்.

— யக்கா! பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கீங்க. நீங்க கையெழுத்துப் போட்டா எனக்கு லோன் கிடைக்கும்.

— கேலி பண்ணாத. கொஞ்சம் திருப்பிக் காட்டு. இன்னும் கொஞ்சம். எவ்வளவு வருசமாச்சு, ஃபேன் காத்து தலையில பட்டு.

— முந்தானை கீழ சரிஞ்சு கிடக்கு, எடுத்துத் தலையில போடவா?

— கெடக்கட்டும். பில்லு எவ்வளவு?

— முன்னூத்தம்பது.

— இந்தா. இது கூலி. சரியா இருக்கா?

— சரியா இருக்கு.

— இப்பம், இந்தா இருக்கு அந்த அஞ்சூறு.

— மாரி, இன்னும் டயம் இருக்குடி. வேண்டாம்னு சொல்லித் தொலை. அங்க பாரு, அவரு வடாபாவை வாயில வச்சுட்டு மெல்லக் கூட மறந்து நிக்கறாரு.

— சொன்னது சொன்னதுதான் நுஸ்ரத்க்கா. நீங்க சொல்லுங்க சுரேந்திரன் அம்மா. வேலை புடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்கு.

— அப்போ குடுங்க. வாங்கிக்கறேன்.

— நெசமாவே கை நீட்டுதியா?

— ஆமா, நீட்டியிருக்கேன்ல?

— ஏ நுஸ்ரத்து, இங்க வா.

— நானா யக்கா?

— நீதான். இந்தா, பிடி. தூக்கிப் போடல, கையிலதான் குடுக்கேன்.

— அஞ்சூறா! எனக்கெதுக்கு? நான் ஒரு முடி கூட வெட்டலையே!

— டீ கொண்டாந்தப்பம் நீ என் உச்சிய நல்லாப் பாத்த. பாத்துட்டு, சேலை நல்லாருக்குன்ன. அந்த ஒரு வார்த்தைக்குக் கொசுறு. வாங்கிக்க.

— அல்லா... கண்ணுல தண்ணி வருது யக்கா.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அவளுக்குக் குடுத்தது சந்தோஷம். வெட்டினது நான்! புடிச்சிருக்குன்னு உங்க வாயாலயே சொன்னீங்க. என் டிப்ஸ் எங்க?

— ஒனக்கு அஞ்சு பைசா கிடையாது.

— அரே, இது என்ன நியாயம் சுரேந்திரன் அம்மா?

— அத்தைன்னு கூப்புடு. எந்த ஊருல மாமியாக்காரி மருமவளுக்கு டிப்சு குடுக்கா?