கேபின் ஏறிய கருப்பன்

"என் காலை அமுக்கிக்கிட்டு இருக்கறப்பத்தானுங்கக்கா, நாய்க்கும் அமுக்கி உடலாமேன்னு தோணுச்சு."

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்சில், எனக்கு முன் சீட்டிலிருந்த லாரி டிரைவர் இப்படிச் சொன்னதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வரிசையில் இருந்த கோழிப்பண்ணைக்கார அம்மா. இருவரும் ஒரே ஊர் போலிருக்கிறது.

"கிளச்சு மிதிச்சு எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கும். லாரி கேபின்ல இருந்து குதிச்சுக் குதிச்சு என்ற நாய் கருப்பனுக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு. எலும்புக்கு ஒண்ணுமில்லை, சதைதான் இறுகிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க. ஏற முடியலைன்னா அவனை ஊட்டுலயே உட்டுட்டுப் போகோணும். அவனில்லாம எனக்கு வண்டி ஓடாதுங்க."

"அதுக்குன்னு அன்னிக்கு உன்ற வலித் தைலத்தையா அவனுக்குத் தேய்ப்பே? நக்கிட்டு வாந்தி எடுக்காம என்ன பண்ணும்?"

"அன்னிக்கு நீங்க திட்டுனதுக்கு அப்புறந்தானுங்க வெறுங்கையில, முடி போற வாக்குல மெதுவா நீவுனேன். மொதல்ல உறுமுனான். இப்ப அவனே திரும்பிப் படுத்து அடுத்த காலைக் காட்டறான்."

"குடுத்து வெச்சவன். எனக்குத்தான் கால் அமுக்க ஆளில்லை."

டிரைவர் சிரிக்கவில்லை. "நேத்து அவனா கேபின் ஏறிட்டானுங்கக்கா. உங்களுக்குத்தான் புண்ணியம்."

"ஏறட்டும், சாமி. குதிக்க மட்டும் உடாதே."

"அதுக்குத்தான் லாரிக்குப் பாடி கட்டற பட்டறைக்குப் போறேன். நாய் இறங்கச் சாய்வுப் பலகை வேணும்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டுமுங்க. அடுத்த லோடு ஏத்தறதுக்குள்ள அவனை அதுல நடந்து இறங்கப் பழக்கிப் பார்க்கோணும்."