அது தொழில்நுட்பக் கோளாறு அல்ல

மழை நாட்களில் பதுளையில் இணையம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. மலை மறைக்கிறது, மின்சாரமும் போய்ப் போய் வருகிறது.

உங்கள் விசாரணை அறிக்கையில், நடந்ததற்குத் தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் நான் பதினொரு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன். றிஸாத் ஆகிய நான் எழுதிய நிரலில் கோளாறு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைத் திருத்தத்தான் இந்த வாக்குமூலம்.

மண்சரிவுக்கு முன்பே தேயிலைத் தோட்டத்து மக்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரிலும் நிலத்திலும் விழும் வெடிப்பை அளந்து அறிவிப்பதற்கு, எங்கள் நிவாரண அமைப்புக்கு ஒரு இணையச் செயலி தேவைப்பட்டது. அதன் திரைப்பக்கத்தைச் செய்தவன் நான். படம் போடும் பெட்டி, அளவு எழுதும் கட்டம், அனுப்பும் பொத்தான் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கூறு. பொத்தானை அழுத்தினால் அந்தக் கூறு சேர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். சேர்வர் பதில் தந்தால் திரையில் பச்சைச் சரி விழும். மலையில் சிக்னல் இல்லாததால் பாதிக் கோரிக்கைகள் வழியிலேயே செத்துப்போயின. சனங்கள் சலித்துப்போனார்கள். அதனால், பதிலுக்குக் காத்திராமல் அழுத்தியவுடனே பச்சை விழும்படி மாற்றினேன். கோரிக்கை பின்னால் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான் இது.

தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஜீவராணி பொறுப்பாக இருந்தாள். பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். காலையில் அடிமட்டம் வைத்து அளந்து அனுப்புவாள். செயலியில் குறை இருந்தால் எனக்குத் தெரிவிக்க ஒரு குறிப்புக் கட்டமும் வைத்திருந்தேன். முதல் நாள் அதில் அவள் என்னை அண்ணன் முறை வைத்து எழுதியது இது: "நல்லா வேலை செய்யுது நானா. இங்க ஒரே மழை. நீங்க சாப்பிட்டீங்களா?"

உம்மா மௌத்தாகி நாலு வருடம் ஆகிறது. கடைத்தெருவில் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் தனியாக இருக்கிறேன். சில நாட்களில் பேசுவதற்கு ஆளில்லாமல், வாங்கப்போகாத சாமானுக்கு விலை கேட்டுவிட்டு வருவேன். அந்தக் குறிப்பைப் படித்து அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் எழுதும் வசதியை அன்றைக்கே சேர்த்தேன். எட்டு மாதம் நாங்கள் எழுதிக்கொண்டோம். எந்தப் பிள்ளை தூங்கவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

வெடிப்பு மூன்று சென்டிமீற்றரைத் தாண்டினால் சேர்வர் அலுவலகத்துக்கு எச்சரிக்கை அனுப்பும். பஸ் போகும், லயத்தைக் காலிசெய்வார்கள், அந்தப் பிரிவு செயலியிலிருந்து நீக்கப்படும். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு இதில் யாரும் விளையாடுவதில்லை. ஐப்பசியில் அவளுடைய அளவு இரண்டே முக்காலைத் தொட்டது. இன்னும் ஒரு வாரம்தான் என்று கணக்குப் போட்டேன். பிறகு அவள் எனக்கு எழுத என்ன காரணம் இருக்கப்போகிறது?

ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினேன். மேற்பிரிவின் கோரிக்கைகள் என் கணினிக்கு வந்தன. சேர்வருக்கு நாள்தோறும் இரண்டு சென்டிமீற்றர் என்றே போனது. அவளுடைய திரையில் பச்சை வழக்கம்போல விழுந்தது. நிரல் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

அவர்கள் தாமாகவே இறங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முந்தின வருடம் அப்படித்தான் பயந்துபோய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அலுவலகம் சொல்லாமல் போனதால் அந்த நாட்களுக்குத் தோட்டத்தில் பேர் போடவில்லை, சம்பளமும் இல்லை. இனிமேல் சொன்னால்தான் இறங்குவது என்று லயமே கூடி முடிவெடுத்திருந்தது.

"ஆறு சென்டிமீற்றர் நானா. கைய உள்ள விடலாம். சாமானெல்லாம் கட்டி வச்சிட்டோம். பச்சை விழுந்திருச்சு, ஆனா ஆபீஸ்ல இருந்து ஒரு பேச்சும் இல்லையே. எறங்கிடவா?"

"ஆபீசுக்குத் தெரியும் தங்கச்சி. சொல்லும்வரை இருங்க" என்று எழுதினேன்.

"நீங்க சொன்னா சரி நானா."

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். பதினான்கு குடும்பங்களும் மூட்டைகளை அவிழ்த்ததாக அன்று மாலை தெரிவித்தாள்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை. கடும் மழையால் பெரட்டுக் கூடவில்லை. வேலை பிரித்துக் கொடுக்காத நாள் என்பதால் எல்லோரும் லயத்திலேயே இருந்தார்கள். எட்டு மணிக்கு மண் இறங்கத் தொடங்கியது. முப்பத்தொரு பேர். அந்த எண்ணிக்கை உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது.

எட்டு ஏழுக்கு வந்த குறிப்பு உங்களிடம் இல்லை. அது என் கணினியில் மட்டுமே இருக்கிறது. "நானா, மண்ணு கதவ அடைச்சிருச்சு. தெறக்க முடியல. புள்ளைங்க என்கூடத்தான் இருக்குதுங்க. யாராச்சும் வாறாங்களா?"

"வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று உடனே பதில் போட்டேன். யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எடுத்துப் பேசிக்கொண்டிருந்தால், அவள் மறுபடி எழுதும்போது பதில் தாமதமாகியிருக்கும். ஒரு மணி நேரம் திரையை விட்டு எழும்பாமல் இருந்தேன். அந்த நேரத்தில் அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.