தெற்குப் பக்கத்துப் பாதை

குப்பம் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பெரியவர் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"படியில என்னைத் தூக்கிக்கினே போ. கோயிலுக்குப் புதுப் பாதை வேணாம்."

மடக்கிய சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த மகன், "பெங்களூர்ல வேலைய வச்சிக்கினு வாரா வாரம் வந்து தூக்க முடியுமா, நைனா? பழைய படியை இடிக்கல. விழுந்து கெடக்கிற மதில் கல்லையே போட்டு, தெக்கால சாய்வா ஒரு பாதை வக்கிறோம்," என்றான்.

"தெக்கால காலனிக்காரங்க வெளிய நின்னு கும்புடற எடம். பாதை வச்சா அவங்களும் உள்ள வருவாங்க."

"வரட்டும்."

பெரியவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப நான் வெளியவே குந்திக்கினு கும்புடறேன்."

"எங்க, அவங்க இத்தினி நாளா நின்ன எடத்துலயா?"