கழுத்தில் ஃப்ரீசர் ரப்பர்

அம்பாசமுத்திரம் பேருந்தில் ஒருவர் ஃப்ரீசர் கதவு ரப்பரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"எங்க வீட்ல ஆளு உயர ஃப்ரீசர் ஒண்ணு இருக்கு. அத நானே சரி பண்ணிட்டேன் வே."

"நீரா?"

"பொய்தான். கண்டுபிடிச்சது எங்க வீட்டுக்காரி."

"அப்ப நீரு என்ன செஞ்சீரு?"

"கதவு சரியா மூடல. இடுப்புல கெடந்த சாரத்த அவுத்து அத இறுக்கிக் கட்டுனேன். ஃப்ரீசர் மானத்தோட நின்னுது. நாந்தான் மானமில்லாம நின்னேன்."

"உள்ள என்ன இருந்துது?"

"பக்ரீத்துக்கு அறுத்த குர்பானி கறி. இவ தம்பி நாளைக்கு துபாய்ல இருந்து வாரான், அவனுக்குள்ள பங்கு. கறி தண்ணி விடவும், கம்ப்ரசர் போச்சுன்னு நான் தெரு பூரா சொல்லிட்டேன். இவ ஒரு பேப்பர கதவுல வச்சு மூடி இழுத்தா. வழுக்கிட்டு வந்துட்டு. 'ரப்பர்தான் போச்சு, குளிரு வெளிய போவுது'ன்னா."

"இப்ப கறி?"

"மீன்காரர்ட்ட ஐஸ் வாங்கி மூடி வச்சிருக்கு. அது உருகுததுக்குள்ள இத மாட்டணும். ஜங்ஷன் கடைக்காரரு எங்க மாடலுக்கு ரப்பர் கிடையாதுன்னுட்டாரு. இவ கொண்டுபோன பழைய ரப்பர தரையில விரிச்சு, வேற மாடல் ரப்பர ஒவ்வொண்ணா மேல வச்சுப் பாத்து, இத எடுத்தா. கன கச்சிதம். 'அக்கா, எந்தக் கடையில மெக்கானிக்கா இருக்கிய?'ன்னு கேட்டாரு வே! அதுக்கு நான்..."

முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"ஏங்க, பத்தமடை வந்துட்டு. கதைய விட்டுட்டு ரப்பர கொண்டாங்க."

"எங்க மெக்கானிக் கூப்புடுதாவ வே" என்று அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.