பிசார்தியின் ஒரே மூச்சு

—இருபத்தேழாவது தடவை, நிவெஸ். இப்பவும் பாதியில மூச்சு இழுத்துட்ட. உழுதுட்டு வந்த மாடு மாதிரி பதிவாகியிருக்கு.

—வாய மூடு, ஒரெஸ்தே. நீ பதிவு பண்ண வந்தியா, என்னப் பழிக்க வந்தியா?

—ரெண்டுக்கும்தான் தாயே. நாலு மணிக்கு இந்த மாதாகோயில்ல கல்யாணம். பாதிரியார் ரெண்டு தரம் எட்டிப் பாத்துட்டாரு. பேசாம ரெண்டு துண்டா வாசி, ஒட்டித் தர்றேன். அந்த மாதாவுக்கே தெரியாது.

—எனக்குத் தெரியுமே! பிசார்தி புல்லாங்குழலுக்கு எழுதினது அத்தனையும் பதினொரு இசைத்தட்டுல வாசிச்சாச்சு, இது ஒண்ணுதான் பாக்கி. ஒட்டு வேலை ஒரு இடத்துல கிடையாது. கடைசித் தட்டுல கறை வைக்கச் சொல்றியா? மிலான் கச்சேரில அந்த மனுஷன் இந்த உருப்படியோட நாப்பது கட்டத்தையும் ஒரே மூச்சுல வாசிச்சாரு. மூணு பொம்பளைங்க மயங்கி விழுந்தாங்க.

—இடுப்ப இறுக்கிக் கட்டினதுல விழுந்திருப்பாங்க.

—செத்து நூத்தம்பது வருஷமாச்சு, மரியாதையா பேசு.

—கச்சேரி நடுவுல சீப்பெடுத்து மீசை சீவின ஆளுக்கு என்ன மரியாதை? அது கெடக்கட்டும். நீ அருங்காட்சியகத்துல கேட்டு வாங்கின அவரோட கையெழுத்துப் பிரதியப் பாரு. சில சுரப் புள்ளிக்கு ஒட்டின குச்சி மேல நிக்குது, சிலதுக்குக் கீழ தொங்குது.

—அவசரத்துல கிறுக்கியிருப்பாரு. அச்சுப் புத்தகத்துல எல்லாம் ஒழுங்கா இருக்கு.

—அவசரமா? நாலு கட்டம் மேல, நாலு கட்டம் கீழ, கடைசி வரைக்கும். எங்க ஊர் பேண்டுல நான் ஊதினப்போ, ஒரே கோட்டுல ரெண்டு பேருக்கு எழுதினா இப்படித்தான் எழுதுவாங்க. மேல்குச்சி ஒருத்தருக்கு, கீழ்க்குச்சி இன்னொருத்தருக்கு.

—...குடு இப்படி.

—கீழ்க்குச்சி ஆரம்பிக்கற இடத்துல பொடியா ஒரு பேரு வேற.

—செலெஸ்தே. அடப்பாவி! அவன் பொண்டாட்டி! கச்சேரி முடியற வரைக்கும் திரைக்குப் பின்னால ஜெபம் பண்ணுவாளாம். எல்லா புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு.

—புல்லாங்குழல வாயில வெச்சுக்கிட்டா ஜெபம்? இவரு மூச்சு வாங்கறப்போ அவ ஊதியிருக்கா, அவ வாங்கறப்போ இவரு. உன்ன மூணு நாளா சாகடிச்சிருக்கான் பாரு, மீசைக்காரன்!

—நேத்து கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு ஒரெஸ்தே. நான்தான் லாயக்கில்லாதவளோன்னு ராத்திரி அழுதேன்.

—அழுதது போதும். அவரே ஒட்டுப் போட்ட ஆளு. இப்பவாவது ரெண்டு துண்டா வாசி.

—மாட்டேன்.

—ஏன் தாயே?

—இத ஒரே மூச்சுல வாசிக்கப் போற முதல் ஆளே நான்தான்.