வேகாத கறியும் கால்சியம் பம்பும்

...அந்தக் கறிக்கடைக்காரன் என்கூடப் பொறந்தவனா, இல்ல எனக்குன்னே எமனாப் பொறந்தவனா, நீங்களே சொல்லுங்க தம்பி. இல்ல இல்ல, இப்பச் சொல்ல வேணாம். வாயில இருக்குறத மென்னு முழுங்கிட்டுச் சொல்லுங்க. மெதுவா... மெதுவா. வட்டக்கானல்ல யாருக்கு என்ன அவசரம்? அருவி எங்கயும் ஓடிப்போயிராது.

நானும் என்னதான் செய்ய? குக்கரு கத்திக் கத்தி அதுக்கே தொண்ட கட்டிப்போச்சு. கறி அசையணுமே! போன மாசமும் இதே கூத்துதான். வெள்ளக்காரப் பசங்க வந்திருந்தாங்க. 'அம்மா, மட்டன்'னு ஆசையாக் கேட்டாங்க, வச்சேன். ஒருத்தன் மென்னான், மென்னான், காது வரைக்கும் செவந்துருச்சு. அப்புறம் ஒரு கும்புடு போட்டுட்டு எந்திரிச்சவன்தான், இப்ப எதிர்த்தாப்புல மகாராணி கடைல தோசை திங்கிறான். மகாராணி கடைல! அவளுக்குச் சட்னிக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே இது மார்கழி மாசம், ஊர்ல பாதிப்பேரு மாலை போட்டுக்கிட்டுத் திரியுறாங்க. கறி திங்க வர்றதே உங்கள மாதிரி வெளியூர்க்காரங்கதான். அவங்களும் போயிட்டா பிச்சையம்மா மெஸ்ஸுன்னு போர்டு எதுக்கு?

கோவம் வருமா வராதா? அந்தக் கொழம்ப அப்படியே தூக்குச்சட்டில ஊத்திக்கிட்டு, ஜீப்பப் புடிச்சு டவுனுக்குப் போயிட்டேன். அங்கதான் சுப்புராஜு கறிக்கடை. சுப்புராஜு யாரா? அதான் சொன்னேனே, என்கூடப் பொறந்தவன், எனக்கு எளையவன். அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, ரோடு வரைக்கும் வரிசை. நேராப் போயி கறி வெட்டுற கட்டை மேல கொழம்பக் கொட்டுனேன். 'ஏலே, கெழட்டு ஆட்ட வெட்டி அக்கா தலையிலயே கட்டுறியா?'ன்னு ஒரு சத்தம். மார்க்கெட்டே திரும்பிப் பாத்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு நல்ல தொண்ட.

அவன் சண்டைக்கே வரல தம்பி. ஒரு துணிய எடுத்து கட்டையத் தொடச்சான். 'இதே ஆட்டுலதான் எங்க வீட்டுக்கும் எடுத்தேன், பஞ்சு மாதிரி வெந்துச்சு'ன்னான். அடுத்த ஆளப் பாத்து 'உங்களுக்கு எவ்வளவு?'ன்னு கேட்டான். அவ்வளவுதான். அன்னையிலருந்து பேச்சில்ல. திருப்பி ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தான்னா நானும் நாலு வார்த்தை வஞ்சிட்டு, சாயங்காலம் சேந்திருப்போம். சண்டையே போடாதவன்கிட்ட என்னத்தச் சேர்றது?

இதுல கொடுமை என்னன்னா, தை பொறந்தா எம்மக சுபஸ்ரீக்குக் கல்யாணம். எங்க வழக்கத்துல தாய்மாமன் கையப் புடிச்சுத்தான் பொண்ணு மணவறை ஏறணும். மாப்பிள வீடு பூம்பாறை, பூண்டு வெவசாயம், மரியாத பாக்குற சனம். 'தாய்மாமன் எங்க?'ன்னுதான் மொதக் கேள்வியே கேப்பாங்க. எங்க வீட்டுக்காரரு பத்திரிக்கைய எடுத்துக்கிட்டுப் போனாரு. வாங்கி சாமி படத்துக்கிட்ட வச்சானாம், டீ வாங்கிக் குடுத்தானாம். 'கல்யாணத்துக்கு வந்துருவேல்ல?'ன்னு கேட்டதுக்கு மட்டும் ஆட்டுக்காலச் சொரண்டிக்கிட்டே இருந்தானாம். சுபா இப்பெல்லாம் என்கிட்ட கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுது.

என்ன, தண்ணியா? இந்தாங்க. முழுங்கிட்டீங்களா? இல்லயா. சரி சரி, கஷ்டப்படாதீங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்.

போன வாரம் மாடி ரூமுல ஒரு வாத்தியாரு தங்கியிருந்தாரு, சிவராமன்னு பேரு. காலேஜு வாத்தியாரு. சதைக்குள்ள என்ன நடக்குதுங்கிறதுதான் அவரு ஆராய்ச்சியாம். பொழைக்க எப்படியெல்லாம் வழி இருக்கு பாருங்க. அவரும் இதே பெஞ்சில உக்காந்து, உங்கள மாதிரியே மென்னாரு. மென்னுட்டு, 'அம்மா, ஆட்டு மேல தப்பில்ல. கறிக்குள்ள இருந்த கால்சியம் பம்பு வேலை செய்யல'ன்னாரு. கறி வேகலம்மான்னு சொன்னா நான் புரிஞ்சுக்க மாட்டேனா?

சதை நாருக்குள்ள பை பையா இருக்குமாம், அதுக்குள்ள கால்சியம் நெறஞ்சு கெடக்குமாம். ஆடு ஒரு எட்டு எடுத்து வைக்கணும்னா கால்சியம் பையிலருந்து வெளிய பாயும், சதை இறுகும். அப்புறம் தளரணும்ல? தளரணும்னா பாஞ்சத எல்லாம் திரும்பப் பைக்குள்ள ஏத்தணும். அந்தச் சோலிக்குத்தான் பம்பு. புரோட்டீன்தான், ஆனா பம்பு. பையோட தோலுக்குள்ள பத்து கம்பிய ஊனிக்கிட்டு நிக்குமாம், வெளிய மூணு உருண்டையாத் தலை. ரசத்தத் தொட்டு டேபிள்ல படம் போட்டுக் காட்டுறாரு. தொடைக்கிறது நானு!

ஒரு தடவைக்கு ரெண்டு கால்சியம் பம்புக்குள்ள வரும். வந்ததும் பின்னாடி கதவச் சாத்திரும். ஏடிபின்னு ஒண்ணு இருக்காம், சதைக்கு அதுதான் தெம்பு. அதுல ஒண்ணச் செலவழிச்சு, தலைய ஒரு திருப்பு திருப்பி, அந்தப் பக்கக் கதவத் தொறந்து பைக்குள்ள தள்ளும். ரெண்டு கதவும் ஒரே நேரத்துல தொறக்கவே தொறக்காதாம். எங்க வீட்டுக்காரரு வாசக்கதவு கொல்லக்கதவு ரெண்டையும் தொறந்து போட்டுட்டுப் போயி, கொரங்கு வந்து தேங்காய் மூடியத் தூக்கிட்டுப் போச்சு. ஒரு புரோட்டீனுக்கு இருக்குற பொறுப்பு அந்த மனுசனுக்கு இல்ல. இந்தப் பம்போட உருவத்தையே ரெண்டாயிரமாவது வருசத்துலதான் ஜப்பான்ல தெளிவாக் கண்டுபிடிச்சாங்களாம். இங்க ஒருத்திக்குக் கறி வேகலன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ!

கறிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? கேக்கலயா? பரவால்ல, சொல்றேன். ஆட்ட அறுத்தப்புறமும் சதைக்குள்ள கொஞ்ச நேரம் அந்தத் தெம்பு மிச்சமிருக்குமாம். அந்த நேரத்துல கடுங்குளுரு பட்டுச்சுன்னா பம்பு மந்தமாயிரும், பையும் ஒழுக ஆரம்பிச்சிரும். கால்சியம் பூரா வெளியவே கெடக்கும். இறுக்குறதுக்குத் தெம்பு இருக்கு, தளத்தி விடத்தான் நாதியில்ல. இறுகி, சுருங்கி, அப்படியே பூட்டிக்கிரும். 'இழுத்துப் புடிக்கத் தெரியுதும்மா, விடத்தான் தெரியல'ன்னாரு. எங்க வீட்டுக்காரரு பக்குன்னு சிரிச்சிட்டு என்னையப் பாக்குறாரு. 'யாரச் சொல்றீங்க சார்?'னு கேட்டேன். 'கறியத்தாம்மா'ன்னாரு. பயந்துட்டாரு பாவம்.

அப்புறம்தான் ஒரு கேள்வி கேட்டாரு. 'கறிய வாங்கி எங்க வைக்கிறீங்க?'ன்னு. நான் என்ன களவாணியா, மறைக்க? அந்தா நிக்குதுல்ல வெள்ளப் பொட்டி, அதுலதான்னு காட்டுனேன். ஆமா தம்பி, ஃப்ரீசருதான். ஏரிக்கிட்ட ஐஸ்கிரீம் கடைய மூடுனப்ப எடுத்தது. வெள்ளனே வெட்டுன கறி, ஆவி பறக்க வரும். அந்தச் சூட்டோட உள்ள போட்டு மூடிருவேன். கெட்டுப்போகக் கூடாதுல்ல? வாத்தியாரு தலைல கைய வச்சிட்டாரு. 'ஒண்ணு, வாங்குன சூட்டோட அடுப்புல ஏத்துங்க. இல்ல, நெழல்ல தொங்கவிட்டு, சதை தானா வெறச்சு அடங்குனப்புறம் குளுர்ல வைங்க'ன்னாரு.

அவருக்கென்ன, சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. அந்தப் பொட்டிய வாங்காதன்னு ஒத்தக்கால்ல நின்னது யாருங்கிறீங்க? சுப்புராஜு! 'நம்ம ஊருக் குளுரு பத்தாதுன்னா தனியா ஒரு பொட்டி வாங்குற? கறிய வாங்குனமா, கொதிக்க வச்சமான்னு இருக்கா'ன்னான். பொறாமைன்னு நெனச்சேன். இப்ப அத நிறுத்துனா என்ன அர்த்தம்? அவன் சொன்னது சரின்னு ஆயிறாது? மார்க்கெட்ல போட்ட சத்தத்த நான் எங்க கொண்டுபோயி வைக்க? அதான் இன்னைக்குக் கறியையும் அதுலயேதான்... நீங்க சாப்புடுங்க.

ம்? இல்ல, வேற கடைல வாங்கல. அவன்கிட்டதான். அவன் கறி மாதிரி வருமா! நான் போக முடியாதுன்னு பக்கத்து வீட்டுக் குப்பம்மாள அனுப்புறேன், அவளுக்கு வாங்குற மாதிரி. அவனுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சேன். ஆனா கேக்காமலே ஒரு துண்டு ஈரல் தனியாக் கட்டி வச்சி விடுறான். குப்பம்மா ஈரலத் தொட மாட்டா. சுபாவுக்குத்தான் ஈரல்னா உசுரு. அந்தப் பொட்டலத்தப் பிரிச்சு, யாரு குடுத்ததுன்னு சொல்லாமலே அவளுக்கு வதக்கி வச்சிருவேன் தம்பி.

ஒரு ஒதவி செய்வீங்களா? பஸ்ஸுக்கு மார்க்கெட்டு வழியாத்தான போவீங்க? சுப்புராஜு கடைல ஒரு நிமிசம் நின்னு, 'வட்டக்கானல் மெஸ்ஸுல சாப்புட்டேன், உங்க கறியாமே, பஞ்சு மாதிரி இருந்துச்சு'ன்னு சொல்லிருங்க. நான் சொல்லச் சொன்னதாச் சொல்ல வேணாம். பொய்தான், இல்லங்கல. யாருக்கு நட்டம்? இருங்க, ரசம் கொண்டாறேன். சூடாக் குடிச்சா அது தானா எறங்கிரும்...

இந்தாங்க தம்பி. தம்பி? கை கழுவப் போயிட்டாரா... பையையும் காணோம். காச டம்ளருக்கு அடில வச்சிட்டு, இலையக்கூட மரியாதையா உள்பக்கம் மடிச்சுட்டுத்தான் போயிருக்கு. நல்ல வளப்பு. இதென்ன, இலை நடுவுல புடைச்சுக்கிட்டு... அடப் பாவி மகனே! வச்ச கறி வச்சபடி கெடக்கு! அப்ப இவ்வளவு நேரம் வாயில கெடந்தது மொதத் துண்டேதானா?

குப்பம்மா! ஏ குப்பம்மா! நாளைக்குக் கறிக்கடைக்கு நீ போக வேணாம். நான் போறேன். ஏன்னெல்லாம் கேக்காத. வரிசையிலதான் நிப்பேன், நின்னா காலா ஒடஞ்சிரும்? வாங்கிட்டு வெரசா வந்து அடுப்புல ஏத்திக்கிறேன். எது, அந்தப் பொட்டியா? அது... கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் வைக்கத்தான் வாங்குனேன்னு அவன்கிட்டச் சொல்லிக்கிறேன். நம்ப மாட்டான். நம்பாட்டிப் போறான். மணவறைக்கு வந்தாப் போதும்.